மும்பை நேர்காணலில் முக்கால்வாசி சேலத்திலேயே முடிந்துவிடும்

கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து, முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு எல்லாம் முடித்துத் திரும்பிவிட்டார். இன்னொருவர் அம்மாப்பேட்டையிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ ஏற்காட்டிலோ இருந்துகொண்டு குடியேற்ற விசா நேர்காணலுக்குக் காத்திருக்கிறார். அந்த நிலையில் உள்ள ஜோடிகளுக்காக எழுதியது இது. நாங்கள் அந்த நேர்காணல் நடக்கும் கண்ணாடிச் சன்னலுக்கு முன் நின்று வந்தவர்கள். பிறகு சொந்தத்திலும் பழக்கத்திலும் பலருக்குக் கோப்பு அடுக்கிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் கதை இங்கே வேண்டாம். வேலைக்கு ஆகிற விஷயத்தை மட்டும் சொல்கிறோம்.

எல்லாரும் பயப்படுவது கேள்விகளுக்கு. உண்மையில் கேள்வி கேட்கும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அந்த அதிகாரி கையில் ஏற்கெனவே, துணையை அழைத்துக்கொள்ள அமெரிக்காவில் இருப்பவர் போட்ட ஐ-130 மனு, நீங்கள் நிரப்பிய டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பம், பதிவேற்றிய சான்றுகள் எல்லாம் இருக்கும். தாளில் இருப்பதும் நீங்கள் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். தாளில் ஓட்டை இருந்தால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அன்றைக்கு விசா கிடைக்காது. அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை சேலத்தில் விழுபவை. சேலத்திலேயே அடைக்கக் கூடியவை.

போகும் வழியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அங்கே இருப்பவர் ஐ-130 மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்புகிறார். 2024 ஏப்ரல் 1 முதல் அதற்கான கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். கூடவே ஐ-130ஏ படிவம்: வெளிநாட்டில் இருக்கும் துணை அதை நிரப்பியாக வேண்டும், கையெழுத்து கட்டாயமில்லை. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே 325 டாலர் விசா கட்டணமும் 120 டாலர் நிதி உறுதிமொழிக் கட்டணமும் கட்டி, டிஎஸ்-260 நிரப்பி, சான்றுகளைப் பதிவேற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் நேர்காணல் வரிசை. இந்தியாவில் குடியேற்ற விசாக்களுக்கான முக்கிய இடம் மும்பைத் துணைத் தூதரகம். மாணவர் விசாவுக்குச் சென்னைக்குப் போய்வந்த அனுபவத்தை வைத்து இதையும் சென்னை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறும். கட்டுகிற அன்று அரசுத் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள்.

கல்யாணத் தேதி எது?

இதில்தான் நம் பக்கத்து ஜோடிகள் அதிகம் மாட்டுகிறார்கள். விசா சீக்கிரம் வரட்டும் என்று நிச்சயதார்த்தத்தோடு பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு, தை மாதத்திலோ வைகாசியிலோ முகூர்த்தம் வைப்பார்கள். சட்டப்படி கல்யாணம் நடந்தது பதிவன்று. வீட்டில் எல்லாரும் மனதில் வைத்திருப்பது முகூர்த்தத்தை. மனுவில் ஒரு தேதி, பத்திரிகையில் ஒரு தேதி, வாயில் வருவது மூன்றாவது தேதி என்று ஆகிவிடும். பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எல்லாப் படிவத்திலும் போட வேண்டும். கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்: "இந்தத் தேதியில் பதிவு செய்தோம், இந்தத் தேதியில் சடங்கு நடந்தது." ஒளிக்க அதில் ஒன்றுமில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. போன மாதம் நடந்த கல்யாணத்தை ஆறு மாதம் முன்பே ஏதோ ஒரு கோயிலில் நடந்ததாகக் காட்டி ரசீது வாங்குவது. இதைச் செய்து தருகிறேன் என்று சொல்லும் தரகர்களிடம் இருந்து விலகி நடங்கள். அந்த நாளில் மணமகன் நாட்டிலேயே இல்லை என்பதை அவருடைய பாஸ்போர்ட் முத்திரையே காட்டிக்கொடுக்கும். கல்யாணமே விசாவுக்காகச் செய்த மோசடி என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு வேறொருவரை உண்மையாகவே மணந்தாலும் அந்த மனுவும் ஏற்கப்படாது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009, எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். பதிவுத் துறையின் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் வாங்கி, இருவரும் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். லீவு முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்குள் இது முடிந்தாக வேண்டும். வரவேற்பு மேடை அலங்காரத்துக்கு மூன்று கூட்டம் போடும் வீடுகள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது ஏன் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறகு திருத்துவதென்றால் இருவரும் மறுபடி வர வேண்டியிருக்கும்.

ஏற்காட்டிலும் ஊருக்குள்ளும் தேவாலயத்தில் மணந்தவர்கள், தேவாலயச் சான்றே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அது கையில் இருக்கட்டும். ஆனால் மேலே சொன்ன சட்டப்படி அரசுப் பதிவுச் சான்றையும் வாங்கிவிடுங்கள். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐயரும் ஓமமும் இல்லாத புகைப்படங்களைப் பார்த்து அதிகாரி கேட்டால் தடுமாற வேண்டாம். 1967ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்திருத்தத்தின் மூலம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்த கல்யாணம் செல்லும். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பதிவுச் சான்றைக் காட்டினால் போதும்.

பெயர், இனிஷியல், ஊர்

பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு கவிதா. ஆதாரில் கவிதா மட்டும். பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் கவிதா, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இது நம்மூரில் சர்வசாதாரணம். அமெரிக்க முறையில் இதற்கு ஒரு விநோதமான விளைவு இருக்கிறது. குடும்பப் பெயர் காலியாக இருந்தால், கவிதா என்பதைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்றெழுத்தை அச்சிட்டுவிடுவார்கள். விசாவில் வந்தது அப்படியே பச்சை அட்டையில் (கிரீன் கார்டில்) வரும். அங்கிருந்து வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று தொடரும். பின்னால் திருத்துவது பணமும் அலைச்சலும். ஆகவே மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்துக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவது நல்லது. கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சேர்ப்பதென்றால் மனுவுக்கு முன் சேருங்கள். கோப்பு நடுவழியில் இருக்கும்போது பெயரை மாற்றாதீர்கள்.

பழைய ஆவணங்களில் எழுத்து வேறுபாடு இருந்தால் எல்லாவற்றையும் திருத்த ஓட வேண்டியதில்லை. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். மற்றவற்றுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த ஊரிலும் சிக்கல் வரும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் பலர் பிறந்தது ஒரு ஊர், வளர்ந்தது வேறு ஊர். நாமக்கல் மாவட்டம் தனியாகச் செயல்படத் தொடங்கியது 1997இல். அதற்கு முன் ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ பிறந்தவரின் சான்றில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் நாமக்கல் என்று இருக்கும். இரண்டுமே தப்பில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி டிஎஸ்-260இல் எழுதிவிட்டு, கேட்டால் மாவட்டம் பிரிந்ததைச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிலேயே பிள்ளை பெயர் இல்லாமல், "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் பதிவான தாள்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. அது செல்லாது, பெயரைச் சேர்த்து வாங்க வேண்டும். பெயர் சேர்க்க 15 ஆண்டு வரம்பு என்பது பொது விதி. அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்திருக்கிறது. எனவே பதிவான இடத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. கிராமத்தில் பதிவான பழைய பிறப்பு என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் தேட வேண்டிவரலாம். பிறப்பே பதியாமல் விட்டிருந்தால் இரண்டு வழி. ஒன்று, கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத் தாமதமாகப் பதிவது. மற்றது, பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு வைப்பது. தாமதப் பதிவுச் சான்றை மட்டும் தனியாக நீட்டினால் சந்தேகம் வரும். பள்ளிச் சான்றையும் சேர்த்தே வையுங்கள்.

தமிழில் மட்டும் உள்ள எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிப் பெயர், தேதியோடு கையெழுத்திட வேண்டும். இந்த உறுதிமொழி இல்லாத மொழிபெயர்ப்பை விசா மையம் திருப்பி அனுப்பிவிடும்.

காவல்துறைச் சான்று

தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் சுலபமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு அறிக்கையை வாங்கிப் பதிவேற்றி, நிராகரிப்பு வந்த பிறகு விழிப்பவர்கள் நிறைய. அவர்கள் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் காவல்துறை அனுமதிச் சான்று, அதாவது பிசிசி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி நாள் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்தால், கல்யாணமான பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கும், விசாரணை எந்தக் காவல் நிலையத்துக்குப் போகும் என்பதை முன்கூட்டியே யோசித்து விண்ணப்பியுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எஸ்டேட் குடியிருப்புகளுக்குக் கதவு எண் இருக்காது. எஸ்டேட் பெயரும் கிராமமும்தான் முகவரி. ஆதாரில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் ஒரு மாதிரி எழுதியிருந்தால் விசாரணைக்கு வருபவர் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். முகவரியை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் எண்ணை விண்ணப்பத்தில் போடுங்கள். கூரியர் மலைக்கு மேல் வருமா என்ற கவலை இருந்தால், விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை விசா விண்ணப்ப மையத்திலேயே போய் வாங்கிக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதுதான் அதிக நாள் இழுக்கும் வேலை. இதை முதலில் தொடங்குங்கள்.

சொந்தத்தில் கல்யாணமா?

இந்தக் கேள்வி வரும்: "நீங்கள் இருவரும் இரத்த உறவா?" நம்மூரில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இயல்பானது, தாய்மாமனைக் கட்டுவதும் உண்டு. வழக்கம் இருந்தால் இங்கே அது சட்டப்படி செல்லும். ஆனால் அமெரிக்காவில் இதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் அத்தை மகன்–மாமன் மகள் திருமணத்துக்குத் தடையில்லை. டெக்சாஸில் 2005 முதல் அதற்கு உரிமம் கிடையாது. தாய்மாமன்–அக்கா மகள் உறவைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்பதில்லை. நீங்கள் குடியேறப் போகும் மாநிலத்தின் சட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், சொந்தத்தில் மணந்தவர்கள் மனுப் போடும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும். பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள். நேர்காணலில் உறவை மறைப்பது மட்டும் கூடவே கூடாது. பத்திரிகையில் இரு வீட்டார் பெயரையும் சேர்த்துப் படித்தாலே தெரிந்துவிடும்.

நிதி உறுதிமொழி

ஐ-864 படிவத்தில் அங்கே இருப்பவர், துணையைத் தாங்கும் வருமானம் தனக்கு உண்டு என்று காட்ட வேண்டும். அளவு, வறுமைக் கோட்டின் 125 சதவீதம். 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு 26,437 டாலர். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் தலைக்கணக்கில் கோட்டை விடுவார்கள். முன்பே அப்பா அம்மாவுக்கு ஐ-864 போட்டுக் குடியேற்றியிருந்தால், அந்தப் பொறுப்பு முடியும்வரை அவர்களும் கணக்கில் வருவார்கள். அப்போது இருவர் அல்ல, நால்வர் குடும்பம். வருமானம் போதாவிட்டால் இணை உறுதியாளர் ஒருவரைச் சேர்க்கலாம். அவர் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இருக்க வேண்டும்.

மனுதாரரே இப்போது சேலத்தில் வந்து தங்கி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றால் வேறு கேள்வி எழும்: அவருடைய நிரந்தர வசிப்பிடம் எது? திரும்பிப் போகப் போகிறார் என்பதற்கு வேலை உத்தரவு, வாடகை ஒப்பந்தம், அங்கே நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு போன்றவை வேண்டும். நேர்காணல் நாள் வருவதற்குள் வருமான வரி ஆண்டு மாறியிருந்தால் புதிய ஆண்டின் வரிப் பதிவு நகலையும், அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். பதிவேற்றியது போன வருடத்தது என்ற ஒரே காரணத்துக்காக நின்றுபோகும் கோப்புகள் உண்டு.

உறவுக்குச் சாட்சி

கூட்டு வங்கிக் கணக்கு, கூட்டு வாடகை ஒப்பந்தம் என்று படிவத்தின் அறிவுரையில் எழுதியிருக்கும். கல்யாணமாகிச் சில வாரத்தில் பிரிந்து நாடு விட்டு நாடு இருப்பவர்களிடம் அதெல்லாம் இருக்காது. அதிகாரிக்கும் அது தெரியும். இருப்பதைக் காட்டுங்கள். இன்சூரன்ஸ், வேலை இடத்து ஓய்வூதியக் கணக்கு ஆகியவற்றில் துணையின் பெயரை வாரிசாகச் சேர்த்த தாள், பணம் அனுப்பிய ரசீதுகள், மனுதாரர் வந்துபோன விமான போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம், சேர்ந்து தங்கிய விடுதி ரசீது. வாட்ஸ்அப் உரையாடலை நூற்றுக்கணக்கான பக்கம் அச்சடித்துக் கொண்டுபோவதில் பயனில்லை. மாதத்துக்கு ஓரிரு பக்கம், தேதி தெரியும்படி, நிச்சயத்துக்கு முன்பிருந்து நேற்றுவரை தொடர்ச்சி இருந்தால் போதும்.

புகைப்படங்களில் எல்லாரும் செய்யும் பிழை, வரவேற்பு மேடைப் படங்களாக அடுக்குவது. நாற்பது படத்திலும் அதே சோபா, அதே பூ அலங்காரம், பக்கத்தில் மட்டும் ஆள் மாறியிருப்பார். அதில் இரண்டு போதும். பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், மாலை மாற்றியது, தாலி கட்டியது, இணைச்சீர் செய்தது, பெற்றோர் தாரை வார்த்தது, மறுவீட்டு விருந்து, ஏற்காடு ஏரியில் படகு, கல்யாணத்துக்குப் பிறகு வந்த தீபாவளி என்று வெவ்வேறு நாள், வெவ்வேறு உடை, வெவ்வேறு ஆட்களாக இருபது படம் எடுங்கள். பின்னால் தேதி, இடம், யார் யார் என்று பென்சிலில் எழுதுங்கள். இரு பக்கப் பெற்றோரும் ஒரே படத்தில் இருப்பது ஒன்றாவது இருக்கட்டும்.

"கல்யாணத்துக்குப் பிறகு எங்கே சேர்ந்து இருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஆனியில் கல்யாணம் முடிந்து ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால், அதை அப்படியே சொல்லுங்கள். வழக்கம் இது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். சேர்ந்தே இருந்தோம் என்று பூசி மெழுகினால் டிஎஸ்-260இல் நீங்களே எழுதிய முகவரி வரிசை இடிக்கும். அந்தப் படிவம் 16 வயது முதல் இருந்த முகவரிகளையும், கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறது. மறந்துபோன பழைய இன்ஸ்டாகிராம் கணக்கும் அதில் அடங்கும்.

மருத்துவப் பரிசோதனை

நேர்காணல் கடிதம் வந்த பிறகு, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். வேறு எந்தப் பெரிய மருத்துவமனையின் அறிக்கையும் எடுபடாது. சென்னையிலும் அங்கீகரித்த மையங்கள் இருப்பதால் சேலத்துக்காரர்கள் அங்கே முடித்துவிடலாம். 15 வயதுக்கு மேல் எல்லாருக்கும் மார்பு எக்ஸ்-ரே உண்டு. ரத்தம், சிறுநீர் எடுப்பார்கள். எக்ஸ்-ரேயில் பழைய காசநோய்த் தழும்பு போல ஏதாவது தெரிந்தால் மூன்று நாள் காலைச் சளி எடுத்துக் கல்ச்சர் பார்ப்பார்கள். அந்த முடிவுக்கு எட்டு வாரம் போல ஆகும். அதுவரை விசா நகராது. முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் சிகிச்சைச் சீட்டையும் பழைய எக்ஸ்-ரேயையும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். அது இருந்தால் பேச்சு சுருங்கும்.

தட்டம்மை–புட்டாளம்மை–ரூபெல்லா, சின்னம்மை, டெட்டனஸ் வகை, ஹெபடைடிஸ் பி என்று வயதுக்கேற்பத் தடுப்பூசி கேட்பார்கள். சிறுவயது அட்டை இருந்தால் அதுவே கணக்கு; இல்லாவிட்டால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். புதுமணப் பெண்கள் இதில் கவனிக்க வேண்டியது: அம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியால் ஆனவை, கர்ப்பத்தில் போட மாட்டார்கள், போட்டபின் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊசிகளுக்கு விலக்கு தருவார்கள். எக்ஸ்-ரேக்கு வயிற்றை மறைக்கும் கவசம் உண்டு. மருத்துவர் ஒட்டிய உறை தந்தால் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதமே செல்லும். விசாவின் காலமும் அதை ஒட்டித்தான் அமையும்.

மும்பைக்குப் போவது

தூதரகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ரயிலில் போகிறவர்களுக்குக் கோயம்புத்தூர்–லோக்மான்ய திலக் விரைவு ரயில் வசதி. இறங்கும் குர்லா முனையம் அந்த வளாகத்துக்குப் பக்கம். ஆனால் பயணம் ஒரு நாளைத் தாண்டும், தாமதமும் சகஜம். நேர்காணலுக்கு முந்தின இரவு போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் என்றால் பெங்களூரு வழி. சேலத்திலிருந்து பெங்களூரு சாலையில் 200 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருப்பதால் நகரைக் கடக்கும் நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை மும்பை மழை எதையும் நிறுத்திவிடும். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் நேர்காணலுக்கு முன் தனியாக ஒரு மையத்துக்குப் போகும் வேலை உண்டு. அதையும் நாள் கணக்கில் சேருங்கள். தங்குவதற்கு மாட்டுங்கா, சயான் பக்கம் நம் சாப்பாடு கிடைக்கும்.

கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விடுதி முகவரி, கூட வந்தவர் எண், மனுதாரரின் அமெரிக்க முகவரி, வேலை இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். கைபேசி இல்லாமல் கணவரின் எண்ணைச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் காலத்தில் குறைவு.

சன்னலில்

தனி அறை, மேசை, நாற்காலி என்று கற்பனை வேண்டாம். வங்கிக் கவுன்டர் போலக் கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி. நீங்கள் நின்றுகொண்டு ஒலிபெருக்கியில் பேச வேண்டும். முதலில் ஊழியர் ஒருவர் அசல் சான்றுகளை வாங்கி அடுக்குவார். அவர் கேட்கும் வரிசையில் உடனே எடுத்துக் கொடுக்கிற மாதிரி கோப்பு இருக்க வேண்டும்: நேர்காணல் கடிதம், டிஎஸ்-260 உறுதிப் பக்கம், பாஸ்போர்ட், இரண்டு அங்குலச் சதுரத்தில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், பிறப்பு, திருமணம், பிசிசி, முன் திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று, ஐ-864 கட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். பிறகு கைரேகை, வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி, அதன்பின் கேள்விகள்.

கேள்விகள் எளியவை. யார் பார்த்து முடித்த கல்யாணம், முதலில் எப்போது பேசினீர்கள், நேரில் எங்கே சந்தித்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், அவர் எங்கே என்ன வேலை செய்கிறார், யாரோடு குடியிருக்கிறார், முன்பு மணமானவரா, கடைசியாக எப்போது வந்தார். பெரியவர்கள் ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணம் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் வேலை பார்க்கும் அதிகாரிக்கு அது பழகிய விஷயம். ஒருமுறை பார்த்து இரண்டு வாரத்தில் முடிவானது என்றால் அதையே சொல்லுங்கள். முடிவான பிறகு என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

தலையைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். ஆமாம், இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவர் பெயரைச் சொல்லக் கூசி "அவங்க" என்று தொடங்கும் பெண்கள், முழுப் பெயரையும் இயல்பாகச் சொல்லப் பழகிக்கொண்டு போவது நல்லது. ஆங்கிலம் அரைகுறை என்றால் தமிழில் பேச விரும்புவதாக முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி புரிந்து சொல்லும் ஆங்கிலப் பதிலைவிட அது எவ்வளவோ மேல். தெரியாததற்குத் தெரியாது. கணவருடைய சம்பளம் சரியாகத் தெரியாவிட்டால் உத்தேசம் என்று சொல்லியே சொல்லுங்கள். மனுதாரர் கூட வர வேண்டும் என்ற விதி இல்லை. வந்தால் மனதுக்குத் தெம்பு, அவ்வளவே.

ஏதாவது குறைந்தால் 221(ஜி) என்று ஒரு தாள் தருவார்கள். தளத்தில் நிலை "மறுக்கப்பட்டது" என்று காட்டும். அதைப் பார்த்து வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பெரும்பாலும் அது, கேட்ட தாளைக் கொடுக்கும்வரையோ உள்விசாரணை முடியும்வரையோ கோப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதுதான். தாளில் எந்த வரியில் குறியிட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே படித்துவிட்டு வெளியே வாருங்கள். எப்படி அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

துணை ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து, அங்கேயே ஐ-485 மூலம் பச்சை அட்டை கேட்பவர்களுக்கு இந்த மும்பைப் பயணம் இல்லை. அங்கே நேர்காணலுக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். சேர்ந்து வாழும் வீட்டைப் பற்றிய கேள்விகள் கூடுதலாக வரும். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். சேலத்துச் சான்றுகள் அங்கேயும் இதே சான்றுகள்தான்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் பெயர், பிறந்த தேதி, வகை மூன்றையும் பாருங்கள். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை விமானம் ஏறுமுன் ஆன்லைனில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் பச்சை அட்டை அச்சாகாது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாமல் நுழைந்தால் சிஆர்1, அதாவது இரண்டே ஆண்டுக்கான நிபந்தனை அட்டை. நுழையும் நாளில் இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் ஐஆர்1, பத்தாண்டு அட்டை. விசாவில் சிஆர்1 என்று அச்சாகி, அது காலாவதியாகும் முன்பே உங்கள் இரண்டாவது திருமண நாள் வருகிறது என்றால், பயணத்தைச் சில நாள் தள்ளி வைத்து, இறங்கும் இடத்தில் அதிகாரியிடம் திருமணச் சான்றைக் காட்டி ஐஆர்1 ஆக மாற்றச் சொல்லலாம். சிஆர்1 ஆகவே நுழைபவர்கள் அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். அதற்குக் கேட்பது கூட்டுக் கணக்கு, கூட்டு வாடகை, இருவர் பெயரிலும் இன்சூரன்ஸ். இவற்றைப் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.